பூ பறிக்கப் போனவன் காலில் என்ன இருந்தது?

பர்மாவின் மோன் மாநிலத்தில், தட்டோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் இரண்டு கதைகளைக் கேட்காமல் வளர்வதில்லை. ஒன்று, பாட்டனார் எந்தத் துறைமுகத்தில் கப்பலேறி இந்த மண்ணுக்கு வந்தார் என்னும் கதை. மற்றொன்று பியத்தாவின் கதை. முதலாவது வீட்டுக்கு வீடு மாறும். கப்பற்கூலிகூடக் கூட்டியும் குறைத்தும் சொல்லப்படும். இரண்டாவது எங்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே சொல்லப்படும். ஏனென்றால் அது பர்மியர்களிடம் நாங்கள் இரவல் வாங்கிய கதை, இரவல் பொருளைச் சேதப்படுத்தாமல் வைத்துக்கொள்வதுதானே வழக்கம்.

என் அப்பத்தா சொன்ன வகையிலேயே அதைச் சுருக்கிச் சொல்கிறேன். இந்தியாவிலிருந்து வந்த மரக்கலம் ஒன்று கடலில் உடைந்துபோக, பியத்வி, பியத்தா என்னும் முஸ்லிம் சகோதரர் இருவர் தட்டோன் கரையில் வந்து ஒதுங்குகின்றனர். பௌத்தத் துறவி ஒருவர் அவர்களை எடுத்து வளர்க்கிறார். இறந்துபோன சித்தர் ஒருவரின் உடலைத் தின்றதனால் அவர்களுக்கு யானைபலம் வந்துவிடுகிறது. தட்டோன் அரசன் அஞ்சி மூத்தவனைக் கொல்கிறான்; இளையவன் பியத்தா தப்பி, வடக்கே பகானுக்கு ஓடி, அநோரதா மன்னனிடம் அடைக்கலம் புகுகிறான். 1044 முதல் 1077 வரை ஆண்ட அந்த மன்னன் அவனுக்கு இட்ட வேலை, ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள போப்பா மலைக்குப் போய், ஒரே நாளில் பத்து முறை புதுப் பூ கொண்டுவந்து அரண்மனையில் சேர்ப்பது. பூக்களை மட்டுமே உண்டு அம்மலையில் வாழ்ந்த மே வுன்னா என்பவளைக் கண்டு பியத்தா மயங்குகிறான். இரண்டு ஆண் பிள்ளைகள் பிறக்கின்றனர். ஒரு நாள் பூ வந்து சேரத் தாமதமாகிறது. மன்னன் அவனைக் கொன்றுவிடுகிறான். “நம்ம ஊருலேர்ந்து போன பயடா அவன்” என்றுதான் அப்பத்தா ஒவ்வொரு முறையும் முடிப்பார். நம்ம ஊர் என்று அவர் சொன்னது தட்டோனையா, அந்த மரக்கலம் புறப்பட்ட கரையையா என்று நான் கேட்டதே இல்லை.

வயது வந்தபின் ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போகவர 100 கிலோமீட்டர், பத்து முறைக்கு 1000 கிலோமீட்டர். கதைக்குக் கணக்குப் போடுவது மடமை என்பது எனக்குத் தெரியும். தூரம் என்னை உறுத்தவும் இல்லை, ஏனென்றால் சித்தர் உடலைத் தின்றவனுக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. என்னை உறுத்தியது வேறு. அவன் காலில் என்ன அணிந்திருந்தான் என்பதை அப்பத்தா சொல்லவில்லை, என் பர்மிய ஆசிரியர்களும் சொல்லவில்லை. அரண்மனைப் பணியாளன் ஒருவன், அதுவும் பூ சுமப்பவன், செருப்போடு ஓடியிருக்க மாட்டான் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அப்படியானால் அந்தக் கால் எதன்மேல் பட்டது, எந்த நேரத்தில் பட்டது, அது எப்படித் தாங்கியது என்பதைத் தெரிந்துகொள்ள 2019 பிப்ரவரி மாதக் கடைசியில், என் ஐம்பத்திரண்டாம் வயதில், செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு போப்பாவை நோக்கி நடந்தேன்.

செருப்பு பர்மாவில் சிறிய செய்தியன்று. பகோடா வளாகத்தின் வாயிலிலேயே செருப்பையும் காலுறையையும் கழற்றிவிட வேண்டும். காலுறையோடு உள்ளே போகலாம் என்று நினைக்கும் வெளிநாட்டுப் பயணிகளைக் காவலாளி மரியாதையோடு திருப்பி அனுப்புவதை எவரும் பார்த்திருக்கலாம். மாண்டலே அரசவையில் ஆங்கிலேயத் தூதர்களும் சப்பாத்தைக் கழற்றித் தரையில் அமர வேண்டும் என்றிருந்த முறையை 1875க்குப்பின் ஆங்கிலேயரின் இந்திய அரசாங்கம் ஏற்க மறுத்தது. அதன்பின் ஆங்கிலேயப் பிரதிநிதி மிண்டோன் மன்னரை நேரில் காணவே முடியாமற்போயிற்று. ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் அவர்கள் பகோடாக்களின் மேடைகளில் சப்பாத்துக் காலோடு நடந்தார்கள். 1919 அக்டோபரில் மாண்டலேயின் எயின்டோயா பகோடாவில் அப்படி நடந்த ஐரோப்பியரைத் துறவிகள் தாக்க, அவர்களுள் ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதன்பிறகே பகோடாவுக்குப் பகோடா அங்குள்ளவர்களே செருப்பைப் பற்றி முடிவு செய்துகொள்ளலாம் என்று அரசு இறங்கிவந்தது. இந்நாட்டின் விடுதலை உணர்ச்சி பாதத்திலிருந்து மேலேறியது என்று நான் மாணவர்களிடம் சொல்வதுண்டு. மிகைதான், ஆனால் முழுப் பொய்யன்று.

எங்களுக்கும் வெறுங்கால் புதிதன்று. யாங்கோனிலும் மோன் மாநிலத்திலும் தமிழர்கள் காவடி எடுக்கிறார்கள், அலகு குத்துகிறார்கள், தீ மிதிக்கிறார்கள். நானே ஏழு ஆண்டுகள் பூக்குழி இறங்கியவன். ஆகவே வெயிற்காட்டில் நடப்பதற்கு என் கால்கள் முன்பே தேறிவிட்டன என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பது முதல் நாள் பகல் பன்னிரண்டரை மணிக்குத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. போப்பா என்னும் பெயர் பாலி மொழியின் புப்பம் என்பதிலிருந்து வந்தது; நாம் புஷ்பம் என்பதும் அதுவே. ஆனால் பர்மிய மொழியில் பூ என்றால் சூடு. வெயில் ஏறிய ஒரு நாளில் ஆசிரியை கையை விசிறிக்கொண்டு “பூடே, பூடே” என்றபோது, முதல் வகுப்பில் உட்கார்ந்திருந்த நான் மேசையின்மேல் பூவைத் தேடினேன். சூடாக இருக்கிறது என்பதே அதன் பொருள் என்று பக்கத்துப் பையன் சொல்லித்தந்தான். நெருப்புக் குழியைப் பூக்குழி என்று சொல்லும் நமக்கு அது அவ்வளவு அந்நியமான மயக்கமும் அன்று.

என்னோடு வந்தவன் என் அக்கா மகன். யாங்கோனில் கைப்பேசிக் கடையில் வேலை பார்ப்பவன். வயது இருபத்து மூன்று. அவன் செருப்போடுதான் நடப்பான் என்பதும், எனக்கு ஏதாவது ஆனால் வண்டி பிடிப்பது அவன் பொறுப்பு என்பதும் எங்களுக்குள் ஒப்பந்தம். அக்காவும் வருவேன் என்றார். அவருக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் உணர்ச்சி மங்கத் தொடங்கியிருக்கிறது. உணர்ச்சி மங்கிய காலுக்குத் தான் வெந்துகொண்டிருப்பதே தெரியாது; அவருக்குப் பகான் கோயில்களில் மாலை நேரத்து நடையே போதும் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். இன்றுவரை அதற்காக அவர் என்மேல் குறைபட்டுக்கொள்கிறார். குறைபடட்டும்.

பயணத்துக்கு முன் ஒரு மாதம் எங்கள் ஊர் வயல் வரப்புகளில் காலையும் மாலையும் வெறுங்காலோடு நடந்து பழகினேன். பயனற்ற பழக்கம் அது. எங்கள் மோன் கரையில் ஆண்டுக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மண் எப்போதும் காலை ஏந்திக்கொள்ளும். போப்பாவைச் சுற்றியுள்ள நிலமோ ரக்காயின் மலைத்தொடரின் மறைவில் கிடப்பது. தென்மேற்குப் பருவக்காற்று தன்னிடமுள்ள நீரையெல்லாம் அம்மலைத்தொடரின் மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குகிறது. வறண்ட மண்டலம் என்று அழைக்கப்படும் இந்நிலத்துக்குக் கிடைப்பது பெரும்பாலும் 500 முதல் 1000 மில்லிமீட்டர் வரைதான். புவியியல் படித்தவர்கள் இதைப் பாலைவனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஐந்திணை படித்தவர்கள் பாலை என்று தயங்காமல் சொல்வார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு திரிந்து நிற்கும் இடமே பாலை என்றால், சாவ்க் நகரிலிருந்து போப்பா வரைக்குமான இந்த வெளிக்கு அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. அதே சாவ்க்கில்தான் 2024 ஏப்ரல் 28ஆம் நாள் 48.2 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. பர்மாவில் ஏப்ரல் மாதத்தில் அவ்வளவு வெப்பம் அதற்கு முன் பதிவானதில்லை.

ஐம்பது கிலோமீட்டரையும் நடக்கும் ஆசை இருந்தது; முழங்கால் ஒப்பவில்லை. கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை மட்டும் முதல் நாளில் நடப்பது, இரண்டாம் நாள் மலையேறுவது என்று முடிவு செய்துகொண்டோம். தங்கிய விடுதியின் அம்மையார் என் வெறுங்காலைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பகோடா நேர்த்தி என்று நினைத்துக்கொண்டார். பொழுது சாய்ந்தபின் மட்டும் நடக்க வேண்டாம் என்றார். கண்ணாடி விரியன் இந்தப் பகுதியில் ஆண்டுதோறும் உழவர்களைப் பலி வாங்குகிறது. மண்ணின் நிறத்திலேயே கிடக்கும் அதை மங்கிய ஒளியில் எவராலும் கண்டுகொள்ள இயலாது. வெறுங்கால் நடையின் புகழ் பாடுபவர்கள் இந்தச் செய்தியைத் தாண்டிப்போய்விடுகிறார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

காலை ஆறு மணிக்கு மாட்டுவண்டித் தடத்தில் இறங்கினோம். எள்ளும் நிலக்கடலையும் எடுத்துவிட்ட வயல்கள் இருபுறமும் வெறுமையாகக் கிடந்தன. வரப்புக்கு வரப்பு பனை. தடத்தின் நடுவில் மாடு மிதித்த மண் மாவைப்போல் நைந்து கிடந்தது. இரவின் குளிர்ச்சி அதில் அப்படியே இருந்தது. முதல் ஒரு மணி நேரம் நான் நடந்ததை நடை என்று சொல்வதைவிட விருந்து என்று சொல்லலாம். சக்கரம் பதிந்த இரு பள்ளங்களிலும் மண் இறுகி வழவழப்பாக இருந்தது, ஓரங்களில் சரளை. குதிகாலை முதலில் ஊன்றும் என் வழக்கம், எவரும் சொல்லாமலே, அரை மணி நேரத்தில் மாறிப்போயிற்று. பாதத்தின் முன்பகுதியை மெல்ல வைத்து, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்தபின் எடையைச் சாய்க்கும் நடையாக அது ஆகிவிட்டது. வேகம் பாதியாகக் குறைந்தது. அக்கா மகன் முன்னே போய்ப் போய்த் திரும்பி நின்றான்.

வறண்டு கிடந்த காட்டாறு ஒன்றைக் கடக்கும்போது முள் பிடித்தது. மழைக்காலத்தில் சில மணி நேரம் மட்டும் ஓடி அடங்கும் ஆறு; மற்ற நாள்களில் ஆற்றுமணல்தான் பாதை. மணல் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் வெள்ளம் கொண்டுவந்த வேலமுள்ளும் இலந்தைமுள்ளும் அதன் அடியில் படுத்துக் கிடக்கும். நெருஞ்சி மேலே கிடப்பது. அது குத்தினால் எடுத்தெறிந்துவிட்டு நடக்கலாம். இலந்தைமுள் வளைந்தது, இறங்கியதும் ஒடிந்துகொள்ளும். வலது காலின் பெருவிரலுக்குக் கீழே ஒன்று அப்படி ஒடிந்து தங்கிவிட்டது. எடுக்க முடியவில்லை, அதையும் சுமந்துகொண்டு நடந்தேன்.

தவறு செய்தது அதற்குப் பிறகு. பதினோரு மணிக்கே எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். மலை கண்ணெதிரே பெரிதாகத் தெரிந்துவிட்டதால், இன்னும் கொஞ்சம்தானே என்ற எண்ணத்தில் நடந்தேன். பனையின் நிழல் நிழல் என்று சொல்லத்தக்கதன்று. ஆள் ஒருவர் நிற்கும் அகலத்துக்கு விழுந்து, நின்று மூச்சு வாங்குவதற்குள் நகர்ந்துவிடும். மணல் காய்ந்ததும் ஓரத்துப் புல்லில் ஏறினேன். புல் தீர்ந்ததும் தார்ச்சாலை வந்தது. அதன்மேல் இருநூறு அடி நடந்தால் ஒரு பனையோலைக் குடிசை. காற்றின் வெப்பம் 35 பாகையைத் தாண்டியிருக்காது. பூக்குழி இறங்கியவனுக்கு இருநூறு அடித் தார்ச்சாலை எம்மாத்திரம் என்று அதன்மேலேயே நடந்தேன்.

பூக்குழியில் காலுக்குக் கீழே இருப்பது கரி. கரியும் அதன்மேல் படிந்த சாம்பலும் தம்மிடமுள்ள வெப்பத்தை விரைந்து கொடுப்பவை அல்ல; ஒவ்வோர் அடியும் அதில் படுவது ஒரு நொடிக்கும் குறைவு; மொத்தமே ஏழெட்டு அடிகளில் கரையேறிவிடுகிறோம். தாரும் அதில் பதிந்த கருங்கல்லும் அப்படியல்ல. கறுப்பு நிறம் வெயிலை முழுதாகக் குடிக்கிறது. கல் தான் குடித்ததைத் தயங்காமல் பாதத்துக்கு மாற்றிவிடுகிறது. உச்சி வெயிலில் இத்தகைய தரை காற்றைவிட 20 பாகையும் அதற்கு மேலும் சூடாக இருப்பது இயல்பு; தோலுக்கோ 45 பாகைக்கு அருகிலேயே வலி தொடங்கிவிடுகிறது. நான் முதல் நூறு அடியில் பெருமையோடு நடந்தேன், அடுத்த ஐம்பதில் ஓடினேன், மீதியில் என்ன செய்தேன் என்பதை அக்கா மகன்தான் சொல்ல வேண்டும். “மாமா, டான்ஸ் ஆடிக்கிட்டே வந்தீங்க” என்றான்.

அந்தக் குடிசை பனையேறி ஒருவருடையது. வாசலில் மண்ணில் தோண்டிய அடுப்பு. அதன்மேல் அகன்ற இரும்புச் சட்டியில் பதநீர் காய்ந்து நுரைத்துக்கொண்டிருந்தது. அவருடைய மனைவி என் காலைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் பானைத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். இடது பாதத்தின் முன்பகுதியில் இரண்டு இடங்களில் தோல் வெளுத்து உப்பத் தொடங்கியிருந்தது. அரை மணி நேரம் தண்ணீரில் வைத்திருந்தேன். பர்மியர்கள் தன்யெ என்று சொல்லும் கருப்பட்டியை உருண்டையாகப் பிடித்து, வறுத்த நிலக்கடலையோடு ஓலைத்தட்டில் தந்தார்கள். பூவரச இலையில் வைத்துத் தந்திருந்தால் இராமநாதபுரத்துக்கே போய்விட்டதாக என் அப்பத்தா சொல்லியிருப்பார்.

பனையேறியின் பாதங்களை அருகில் இருந்து பார்த்தேன். குதிகாலைச் சுற்றித் தோல் மஞ்சளேறி, மாட்டுக்கொம்பைப்போல் பளபளத்தது; ஓரங்களில் நூல்நூலாக வெடிப்பு; பெருவிரல் மற்ற விரல்களை விட்டு விலகித் தனியே நின்றது. நம் ஊர்ப் பனையேறிகள் காலில் தளைக்கயிறு மாட்டி ஏறுவார்கள். இங்கே மரத்தோடு கட்டிய மூங்கில் ஏணியில் ஏறுகிறார்கள். அந்த மூங்கில் கணுவை நாள்தோறும் பிடித்துப் பிடித்தே அவருடைய விரல் விலகியதாம். இத்தனை தடித்த தோலில் மண்ணின் உணர்ச்சி தெரியுமா என்று என் அரைகுறை வெட்கத்தோடு கேட்டேன். அவர் எழுந்து, முற்றத்தில் சிந்திக் கிடந்த கடலைத்தோலின்மேல் கண்ணை மூடிக்கொண்டு நடந்து, தோலுக்கு நடுவே கிடந்த முழுக்கடலை ஒன்றைக் காலாலேயே எடுத்துக் காட்டினார். அதே ஆண்டு ஜூன் மாதம் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கென்யாவிலும் அமெரிக்காவிலும் செருப்பு அணிபவர்களையும் அணியாதவர்களையும் சோதித்து, காய்த்த தோல் எவ்வளவு தடித்தாலும் பாதத்தின் உணர்ச்சி குறைவதில்லை என்று அதில் எழுதியிருந்தார்கள். படித்ததும் எனக்கு அந்தக் கடலைதான் நினைவுக்கு வந்தது.

வெறுங்கால்காரரான அவர் பகல் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் தரையில் கால் வைப்பதில்லை. அதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நாங்கள் இருந்த மூன்று மணி நேரமும் அவர் மூங்கில் கட்டிலை விட்டு இறங்காததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கடலையை எடுத்துக் காட்ட இறங்கியபோதும் ஓலைக்கூரையின் நிழலுக்கு வெளியே போகவில்லை. விடிவதற்கு முன் ஒரு முறை, வெயில் தாழ்ந்தபின் ஒரு முறை மரம் ஏறுகிறார். நடுப்பகலில் வெளியே போக நேர்ந்தால் கிழிந்த ரப்பர்ச் செருப்பு ஒன்று கட்டிலின் கீழே இருந்தது. பகோடாக்களிலும் இதுவே வழக்கம். மேடை வெள்ளைப் பளிங்கானால் நண்பகலிலும் பொறுத்துக்கொள்ளலாம். சிவப்பு ஓடும் செங்கல்லும் ஆனால் பாய் விரித்திருக்கும் வழியாகத்தான் வலம் வருவார்கள். என்னைப்போல் ஏடு படித்துவிட்டு வருகிறவர்கள்தான் வெறுங்காலையும் உச்சி வெயிலையும் ஒன்றாகக் கட்டிப் பார்க்கிறோம்.

நான்கு மணிக்குக் கிளம்பி, இருட்டுவதற்கு முன் மலையடி ஊரை அடைந்தோம்.

இரண்டாம் நாள் கொப்புளத்தின்மேல் துணியைச் சுற்றிக்கொள்வதா வேண்டாமா என்று யோசித்தேன். துணியும் ஒரு செருப்புத்தானே என்று என் மனம் வாதாடியது. கடைசியில் சுற்றிக்கொண்டேன், அரை மைலில் அது தானே அவிழ்ந்து போயிற்று. போப்பாவின் உயரம் 1518 மீட்டர். உச்சிப் பள்ளத்தின் விளிம்புவரை செல்ல நான்கு மணி நேரம் ஆகும் என்று உடன்வந்த பர்மிய இளைஞர் சொன்னார்; எனக்கு ஐந்தரை ஆயிற்று. “ஸயா, பியேபியே” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஆசிரியரே, மெல்ல மெல்ல என்பது அதன் பொருள். அவர் சொல்லாவிட்டாலும் எனக்கு வேறு வழியில்லை.

இந்த மலையைப் பாலையின் மலை என்று சொல்லிக்கொண்டு ஏறுபவர்களை மலையே திருத்திவிடும். அடிவாரத்தில் முள்ளும் சரளையும்தான்; எரிமலை கக்கிய கருங்கல்லின் சில்லுகள் கால்விரல்களுக்கிடையே புகுந்து வெட்டும். ஏற ஏற மண் கறுத்து ஈரமாகிறது, மரங்கள் உயர்கின்றன, ஊற்றுநீர் பாறையில் கசிகிறது. சுற்றிலும் காய்ந்து கிடக்கும் வெளிக்கு நடுவே இம்மலை மட்டும் தனக்கென்று மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எரிமலைச் சாம்பலிலிருந்து வந்த மண் வளமானது. அதனால்தான் இங்கே பூ. பகானில் நின்று பார்த்தால், அரண்மனைக்கு அன்றாடம் புதுப் பூ வேண்டும் என்று சொன்ன அரசனுக்கு வேறு எந்தத் திசையும் இருந்திருக்காது என்பது விளங்கும். கதையில் வரும் தூரம் பொய்யாக இருக்கலாம். பூ இருந்த இடம் பொய்யன்று.

காட்டுக்குள் கால் மீண்டும் விருந்துண்டது. உதிர்ந்த இலைகள் ஈரத்தில் மக்கி மெத்தையாகியிருந்தன. கொப்புளத்தின் எரிச்சல் தணிந்தது. விளிம்பில் நின்றபோது மலையின் வடமேற்குப் பக்கம் முழுவதும் பண்டைக் காலத்திலேயே இடிந்து சரிந்து வாய் பிளந்து நிற்பது தெரிந்தது. அந்தப் பிளவின் வழியே கீழே பழுப்பு வெளி. நான் நடந்துவந்த தடம் எது என்று தேடினேன், தெரியவில்லை. இறங்குவது ஏறுவதைவிடக் கொடுமையாக இருந்தது. எடை முழுவதும் விரல் நுனிக்குத் தள்ளப்பட, முதல் நாள் ஒடிந்த முள் தான் இருக்கும் இடத்தை ஒவ்வோர் அடியிலும் சொல்லிக்காட்டியது.

மாலையில் தவுங் கலாட் படிகள். எரிமலையின் குழாயில் உறைந்து இறுகிய பாறைக்குழம்பு மட்டும் மிஞ்சி, தூணாக எழுந்து நிற்கும் குன்று அது, உச்சியில் பொன்முலாம் பூசிய கோயில்கள், 777 படிகள். இங்கே வெறுங்கால் விருப்பமன்று, விதி. ஆகவே முதன்முறையாக அக்கா மகனும் என்னோடு சமமானான். படிகளுக்குத் தகரக்கூரை இருப்பதால் சூடு இல்லை. அதற்குப் பதிலாகக் குரங்குகள் இருக்கின்றன, குரங்குகள் செய்துவைக்கும் அசுத்தம் இருக்கிறது. அதைத் துடைத்துக்கொண்டே இருப்பவர்கள் நம்மைக் கண்டதும் துணியை நிறுத்தி, துப்புரவுக்குக் காணிக்கை கேட்கிறார்கள். நான் மகிழ்ச்சியோடு கொடுத்தேன். மாண்டலேக் குன்றின் கட்டடங்களை எழுப்பிய துறவி ஊ கந்தி இந்தப் படிகளையும் பேணியவர் என்பார்கள். அவருக்கும் மனத்துக்குள் ஒரு கும்பிடு போட்டேன். அக்கா மகன் முழுக்கவனத்தையும் ஈரப் படிகளில் வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினான்.

படிகளின் அடியில், வீதிக்கு எதிர்ப்புறம், பர்மியர்கள் வணங்கும் நாட் என்னும் ஆவித் தெய்வங்களின் கூடம். ஆளுயர உருவங்கள் பட்டுடுத்தி வரிசையாக நிற்கின்றன. போப்பா அன்னை என்று வணங்கப்படும் மே வுன்னா தலையில் அரக்கிமுகக் கிரீடத்தோடு நிற்கிறாள். அவளுடைய இரு பிள்ளைகளும் வளர்ந்தபின் அதே மன்னனின் படையில் சேர்ந்து, தவுங்பியோன் பகோடாவுக்குத் தலைக்கொரு செங்கல் வைக்கத் தவறினார்கள் என்பதற்காகக் கொல்லப்பட்டார்கள். அவர்களுக்கு ஆகஸ்டு மாதத்தில் மாண்டலேக்கு அருகே பெருந்திருவிழா எடுக்கிறார்கள். தகப்பன் முஸ்லிம் என்பதால் அங்கே பன்றியிறைச்சி ஆகாது. முறையான முப்பத்தேழு நாட் தெய்வங்களின் பட்டியலில் அந்தப் பிள்ளைகள் இருவருக்கும் இடமுண்டு. ஓடி ஓடிப் பூ சுமந்த தகப்பனின் பெயர் அதில் இல்லை. அப்பத்தாவுக்கு இது தெரிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கொண்டே ஒரு கொத்துப் பூ வாங்கி, அன்னையின் காலடியில் வைத்தேன். அவளுக்குப் பூவை அர்ச்சனையாக வைப்பது சோறு வைப்பதற்குச் சமம் என்று பூக்காரி சொன்னார்.

இரவு விடுதித் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்தேன். அக்கா மகன் கைப்பேசி விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு, தீக்குச்சியில் காட்டிய ஊக்கால் பெருவிரலுக்குக் கீழே கிளறினான். பெருஞ்சீரகம் அளவுக்கு ஒரு கறுப்புத் துண்டு வெளியே வந்தது. அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, பியத்தா லேட்டா போனதுக்கு அந்தப் பொண்ணுதான் காரணம்னு சொல்றாங்களே, இதுவா இருக்குமோ?”

முள்ளாக இருக்காது என்றேன். முள்ளை நானே இரண்டு நாள் சுமந்தேன். அவன் அன்று பகல் பத்து மணிக்கு ஒரு பனையோலைக் கூரையின் கீழ் உட்கார்ந்து, மூன்று மணி ஆகட்டும் என்று காத்திருந்திருப்பான்.